பிரிட்டனி டச்சியின் பட்டத்துரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் பிரிட்டனி. 10-ஆம் நூற்றாண்டு முதல் 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை டியூக் என்ற பட்டம் தாங்கியவர்கள் இதை ஆண்டார்கள். டியூக் ஆளும் பகுதி டச்சி எனப்படும்; அந்தப் பட்டத்தைத் தன் சொந்த உரிமையில் பெறும் பெண் டச்சஸ் எனப்படுவாள். இந்த வம்சாவளியைப் படிக்கத் தொடங்குபவர்கள் ஒரே சிக்கலை வெவ்வேறு நூற்றாண்டுகளில் திரும்பத் திரும்பச் சந்திப்பார்கள். பட்டம் இறந்துபோன அண்ணனின் பிள்ளைக்கா, உயிரோடிருக்கும் தம்பிக்கா? அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால் விடை மாறுமா? கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை இந்தச் சிக்கலைச் சுற்றியே எழுபவை.

பிரிட்டனியும் பிரிட்டனும் ஒன்றா?

இல்லை, ஆனால் பெயர் ஒற்றுமை தற்செயலானதும் அன்று. 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவின் தென்மேற்கிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய மக்களால்தான் இந்த நிலத்துக்கு இப்பெயர் வந்தது. மேற்குப் பகுதியில் பேசப்பட்ட பிரெத்தோன் மொழி, வேல்ஸ் மொழிக்கும் கார்ன்வால் மொழிக்கும் உறவுமொழி. கிழக்கில் பிரெஞ்சுக்கு நெருங்கிய காலோ வழங்கியது. ரென், நான்த், வான் ஆகிய மூன்றும் இதன் முதன்மையான நகரங்கள்.

டியூக் ஒரு மன்னரைப் போன்றவரா?

நடைமுறையில் பெரும்பாலும் அப்படித்தான். சட்டப்படி அப்படி அன்று. அவர் பிரெஞ்சு மன்னரின் மேலாண்மையை ஏற்றவர். பிரெஞ்சு அரசவை நெடுங்காலம் பிரிட்டனி ஆட்சியாளரை டியூக் என்றுகூடக் குறிப்பிடாமல் அதற்கு ஒரு படி கீழான கவுண்ட் என்றே எழுதிவந்தது. 1297-இல் நான்காம் பிலிப் மன்னர், இரண்டாம் ஜானை டியூக் என ஏற்று, பியர் எனப்படும் உயர்நிலைப் பிரபுக்களின் வரிசையில் சேர்த்தார். இந்தப் பெருமைக்குள் ஒரு சிக்கலும் ஒளிந்திருந்தது: பியர் ஆகிவிட்டால் வாரிசு வழக்கும் பிரெஞ்சு அரசவையின் முன்னால்தான் வரும். அடுத்த 44 ஆண்டுகளுக்குள் அது வந்தே விட்டது.

மன்னருக்கு அளிக்கும் விசுவாச உறுதிமொழியின் வடிவம் பற்றியும் ஓயாத இழுபறி இருந்தது. மற்ற எல்லாக் கடமைகளுக்கும் மேலானதான முழு விசுவாசத்தை மன்னர்கள் கேட்டார்கள். 15-ஆம் நூற்றாண்டு டியூக்குகளோ, இடையில் வாளோடு நின்றபடியே, எளிய உறுதிமொழியை மட்டும் தருவோம் என்று வாதிட்டார்கள்.

தொடக்க காலத்தில் பெண்வழியில் பட்டம் வந்ததுண்டா?

உண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட முறை. 1066-இல் இரண்டாம் கோனன் பிள்ளையின்றி இறந்தபோது, அவருடைய சகோதரி ஹவாய்ஸின் வழியாக அவள் கணவர் ஓயெல் ஆட்சிக்கு வந்தார். அவர்களுக்குப் பின் மகன் நான்காம் ஆலன் வந்தார். 1148-இல் மூன்றாம் கோனன், தன் மகனாக வளர்ந்த ஓயெலைத் தன் மகன் அல்லன் என்று மறுத்துவிட்டு, மகள் பெர்த்தாவின் வழிக்கே பட்டத்தைக் கொடுத்தார். பெர்த்தாவின் மகன் நான்காம் கோனன் 1156-இல் பட்டத்தைக் கைப்பற்றினார்.

எனவே, பெண்ணுக்கு உரிமையே இல்லை என்பது பிரிட்டனியின் பழைய வழக்கம் அன்று. உடன்பிறந்தவர்களில் ஆண் இல்லாதபோது பெண்ணுக்கு உரிமை வந்தது. ஆனால் ஆட்சியைக் கணவரோ மகனோ நடத்தினார். இதன் விளைவாக, பட்டத்துக்குரிய ஒரு சிறுமி இருக்கிறாள் என்றால் அவளுடைய திருமணம் அண்டை அரசர்கள் அனைவரின் கவலையாகிவிடும். நான்காம் கோனனின் மகள் கான்ஸ்டன்ஸுக்கு அதுதான் நேர்ந்தது. இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி 1166-இல் கோனனைப் பதவி விலகச் செய்து, சிறு குழந்தையாக இருந்த கான்ஸ்டன்ஸைத் தன் மகன் ஜெஃப்ரிக்கு நிச்சயித்தார். திருமணம் 1181-இல் நடந்தது.

1185-ஆம் ஆண்டு ஜெஃப்ரி வெளியிட்ட ஆணை என்ன சொன்னது?

பிரபுக்களின் நிலங்களும் வீரர் சேவைக்குரிய நிலங்களும் இனிப் பங்கு பிரிக்கப்படாமல் மூத்த மகனுக்கே போகும் என்றும், இளையவர்களின் வாழ்வுக்கு மூத்தவரே வழிசெய்ய வேண்டும் என்றும் அது விதித்தது. மகன் இல்லாத இடத்தில் மூத்த மகள் நிலத்தைப் பெறுவாள்; தங்கைகளை மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பும் அவளுடையது. இது டச்சியின் பட்டத்துக்காக எழுதப்பட்ட விதி அன்று. ஆயினும் ஒரு நாட்டின் பிரபுக்கள் அனைவரும் தங்கள் குடும்பங்களில் இவ்விதியைப் பின்பற்றும்போது, தங்கள் டியூக்கின் குடும்பத்திலும் அதையே எதிர்பார்ப்பது இயல்பு. 1341-இன் வழக்கைப் புரிந்துகொள்ள இந்த எதிர்பார்ப்பை மனத்தில் வைத்திருப்பது அவசியம் என்று நான் கருதுகிறேன்.

ஆர்தருக்கும் எலினோருக்கும் என்ன நேர்ந்தது?

ஜெஃப்ரி 1186-இல் பாரிஸில் இறந்தார். அவர் மகன் ஆர்தர், தந்தை இறந்த பின், 1187 மார்ச்சில் நான்த் நகரில் பிறந்தான். 1199-இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னர் மகனின்றி இறந்தபோது, அதே பழைய கேள்வி இம்முறை ஒரு பேரரசையே பிளந்தது. ஆர்தர், ரிச்சர்டின் இறந்த தம்பி ஜெஃப்ரியின் மகன். ஜான், ஜெஃப்ரிக்கும் இளையவர், ஆனால் உயிரோடிருப்பவர். ஆன்ஜூ பகுதிப் பிரபுக்கள் ஆர்தரை ஏற்றார்கள். இங்கிலாந்தும் நார்மண்டியும் ஜானை ஏற்றன. 1202 ஆகஸ்ட் 1 அன்று மிரபோ கோட்டையருகே ஆர்தர் பிடிபட்டான். ஃபலேஸ் கோட்டையிலும் பின் ரூவான் நகரிலும் சிறைவைக்கப்பட்ட அவன் 1203-க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. அப்போது அவனுக்கு வயது 16.

அவன் அக்காள் எலினோரின் கதை குறைவாகவே பேசப்படுகிறது. எனக்கு அது இன்னும் கொடியதாகத் தோன்றுகிறது. தம்பி மறைந்த பின் மூத்தவர் உரிமைப்படி பிரிட்டனி அவளுக்கே வந்திருக்க வேண்டும். அவளோ ஜான் மன்னரின் கையில் இருந்தாள். அவள் குற்றம் எதுவும் செய்யவில்லை; அவளை மணப்பவர் எவராயினும் இங்கிலாந்து அரியணைக்கே உரிமை கோரலாம் என்பதுதான் அச்சம். ஜானும் அவருக்குப் பின் மகன் மூன்றாம் ஹென்றியும் அவளை மணமின்றிக் காவலிலேயே வைத்திருக்க, ஏறத்தாழ 39 ஆண்டுகள் கழித்து 1241-இல் அவள் இறந்தாள்.

பிரிட்டனிப் பிரபுக்கள் காத்திருக்க முடியாமல், கான்ஸ்டன்ஸுக்குப் பிந்தைய மணத்தில் பிறந்த சிறு பெண் ஆலிக்ஸை டச்சஸாக ஏற்றார்கள். பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் தன் உறவினரான, பியர் என்ற பெயருடைய துரூ பிரபுவை 1213-இல் அவளுக்கு மணமுடித்தார். இப்படித்தான் பிரெஞ்சு அரச குடும்பத்தின் ஒரு கிளை பிரிட்டனியில் வேரூன்றியது. பிரிட்டனியின் அடையாளமான எர்மின், அதாவது வெண்ணிற மென்மயிரில் கரும்புள்ளிகள் கொண்ட சின்னம், இந்தப் பியரோடு வந்ததே.

1341-இல் வாரிசுப் போர் ஏன் மூண்டது?

இரண்டு தாரத்துப் பிள்ளைகளின் கதையாக இதைச் சொல்லலாம். இரண்டாம் ஆர்தர் டியூக்குக்கு மூத்த தாரத்தில் பிறந்தவர்கள் மூன்றாம் ஜானும் கீயும். மனைவி இறந்த பின் அவர் மணந்த துரூ யோலாண்டு, ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் அலெக்சாண்டரின் விதவை. அவளுக்குப் பிறந்த மகன் மோன்ஃபோர் ஜான். 1312-இல் டியூக்கான மூன்றாம் ஜான் மாற்றாந்தாயையும் அவள் பிள்ளைகளையும் வெறுத்தார். மூன்று முறை மணந்தும் அவருக்குப் பட்டத்துக்குரிய பிள்ளை இல்லை. உடன்பிறந்த தம்பி கீ 1331-இல் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்; கீயின் ஒரே மகள்தான் பெந்தியேவ்ர் ஜோன். அவளை 1337-இல் மணந்தவர் புளுவா சார்லஸ், பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப்பின் சகோதரி மகன்.

1341 ஏப்ரல் 30 அன்று மூன்றாம் ஜான், நார்மண்டியில் உள்ள கான் நகரில், வாரிசு பற்றித் தெளிவான முடிவு எதையும் விட்டுச்செல்லாமல் இறந்தார். மோன்ஃபோர் ஜான் விரைந்து நான்த் நகருக்குள் நுழைந்து தன்னை டியூக்காக ஏற்கச் செய்தார். ஜோனும் சார்லஸும் பிரெஞ்சு அரசவையில் வழக்குத் தொடுத்தார்கள். 1341 செப்டம்பர் 7 அன்று கோன்ஃபிலானில் வழங்கப்பட்ட தீர்ப்பு அவர்கள் பக்கம் அமைந்தது. மோன்ஃபோர் அதை ஏற்கவில்லை.

இரு தரப்பும் என்ன வாதிட்டன?

ஜோன் தரப்பின் வாதம் பதிலீட்டு உரிமை என்பதைச் சார்ந்திருந்தது. தந்தை கீ உயிரோடிருந்திருந்தால் அவர்தான் டியூக். அவர் இல்லாததால் அவருடைய இடத்தில் மகள் நிற்கிறாள். பிரிட்டனியின் வழக்கப்படி அண்ணனின் பிள்ளை, பெண்ணானாலும், தம்பிக்கு முந்தியவள். மேலும் கீ, இறந்த டியூக்குக்கு ஒரு வயிற்றுத் தம்பி. மோன்ஃபோரோ மாற்றாந்தாய் மகன்.

மோன்ஃபோர் தரப்பு உறவின் நெருக்கத்தைக் காட்டியது: தம்பி ஒரு படி தொலைவு, தம்பி மகள் இரண்டு படி தொலைவு. அத்துடன், பியர் தகுதி பெற்ற டச்சி பிரெஞ்சு அரசையே முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்றும், அரியணைக்குப் பெண்கள் வர முடியாதெனில் டச்சிக்கும் வர முடியாது என்றும் வாதிட்டது.

என் மதிப்பீட்டில், பிரிட்டனியின் உள்ளூர் வழக்கத்தை அளவுகோலாகக் கொண்டால் ஜோனின் பக்கமே வலுவானது. இறுதியில் தோற்ற தரப்பு என்பதால் அவளுடைய உரிமை பலவீனமானது என்று முடிவு கட்டுவது தவறு.

பெண்களைத் தன் அரியணையிலிருந்து விலக்கிய பிரெஞ்சு மன்னர் ஒரு பெண்ணை ஏன் ஆதரித்தார்?

இக்கேள்வியை எழுப்பாதவரே இல்லை எனலாம். 1316-லும் 1328-லும் பிரெஞ்சு அரியணைக்குப் பெண்களும் பெண்வழி வந்தவர்களும் விலக்கப்பட்டார்கள். அந்த விலக்கினால் மன்னரானவர்தான் ஆறாம் பிலிப். தாய்வழியில் அதே அரியணையைக் கோரியவர் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட். பிரிட்டனியிலோ பிலிப் பெண்ணின் உரிமையையும் எட்வர்ட் ஆணின் உரிமையையும் தூக்கிப் பிடித்தார்கள். பிலிப்புக்குத் தன் மருமகன் டியூக்காவது முக்கியம். எட்வர்டுக்கு வேண்டியது பிரான்சின் மேற்குக் கரையில் கால்வைக்க ஓர் இடம். மேலும் இங்கிலாந்தின் ரிச்மண்ட் நிலங்கள் வழியாகப் பிரிட்டனி டியூக்குகளுக்கு அங்கே பழைய உறவும் இருந்தது. அரசியல் நலன் இவ்வாறிருக்க, சட்ட வாதங்கள் அதற்கேற்பத் தேடிக்கொள்ளப்பட்டன. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான நூறாண்டுப் போரின் ஒரு கிளையாகவே பிரிட்டனிப் போர் வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

இதை இரு ஜோன்களின் போர் என்று ஏன் அழைக்கிறார்கள்?

கணவர்கள் இருவரும் சிறைப்பட்டபோது போரைத் தாங்கியவர்கள் மனைவியர் என்பதால். மோன்ஃபோர் ஜான் 1341 நவம்பரில் நான்த்தில் சிறைபிடிக்கப்பட்டு பாரிஸின் லூவர் கோட்டையில் அடைக்கப்பட்டார். அவர் மனைவி ஃபிளாண்டர்ஸ் ஜோன், சிறு மகனை முன்னிறுத்திப் படையைத் திரட்டி, 1342-இல் எனபோன் நகர முற்றுகையை இங்கிலாந்துப் படை வந்துசேரும் வரை தாக்குப்பிடித்தாள். ஆனால் மறு ஆண்டு பிள்ளைகளோடு இங்கிலாந்து சென்றவள் யார்க்ஷயரின் டிக்ஹில் கோட்டையில் வைக்கப்பட்டு, திரும்பவே இல்லை. சித்தம் கலங்கியவள் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். எட்வர்டுக்கு அவள் அங்கே இருப்பது வசதியாக இருந்தது என்ற கருத்தும் வரலாற்றாய்வாளர்களிடையே உண்டு. அவள் கணவர் 1345-இல் இறந்தார். மகனோ, எட்வர்ட் மன்னரின் அரவணைப்பில் வளர்ந்தான்.

மறுபக்கத்தில், புளுவா சார்லஸ் 1347-இல் லா ரோஷ் தெரியன் போரில் பிடிபட்டு, பெரும் மீட்புத்தொகைக்கு உடன்பட்டு 1356-இல்தான் விடுதலையானார். அந்த ஆண்டுகளில் தரப்பை நடத்தியவள் பெந்தியேவ்ர் ஜோன். 1363-இல் டச்சியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் உடன்பாடு எவ்ரானில் பேசப்பட்டபோது, தன் பிறப்புரிமையைப் பங்கு போட அவள் இணங்கவில்லை. 1364 செப்டம்பர் 29 அன்று ஓரே நகருக்கருகே நடந்த போரில் சார்லஸ் கொல்லப்பட்டார். அவருடைய பக்தி வாழ்வுக்காகக் கத்தோலிக்கத் திருச்சபை 1904-இல் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கியது.

கெராந்து உடன்படிக்கை எதைத் தீர்த்தது?

1365 ஏப்ரலில் கெராந்து நகரில் கையெழுத்தான இந்த உடன்படிக்கை, மோன்ஃபோரின் மகனை நான்காம் ஜான் என்ற பெயரில் டியூக்காக ஏற்றது. பெந்தியேவ்ர் ஜோனுக்குத் தன் குடும்ப நிலமும், உயிருள்ளவரை டச்சஸ் என்ற பெயரும் எஞ்சின. எதிர்காலத்துக்கான விதிதான் முக்கியமானது: மோன்ஃபோர் குடும்பத்தில் ஆண்வழி வாரிசு இருக்கும்வரை பெண் பட்டம் ஏற முடியாது, அந்த ஆண்வழி அற்றுப்போனால் பட்டம் பெந்தியேவ்ர் குடும்பத்தின் ஆண்வழிக்குப் போகும். பழைய வழக்கம் போரினால் மாற்றப்பட்டது என்பதே இதன் பொருள்.

இதன் பின்னும் ஜோனின் வாழ்வில் ஒரு பக்கம் உண்டு. அதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. இங்கிலாந்து சார்பினால் வெறுப்பைத் தேடிக்கொண்ட நான்காம் ஜான் 1373-இல் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. 1378 டிசம்பரில் ஐந்தாம் சார்லஸ் மன்னர் டச்சியைப் பறிமுதல் செய்து அரசோடு சேர்த்தார். பிரிட்டனிப் பிரபுக்கள் கொதித்தெழுந்து, தாங்களே விரட்டிய டியூக்கை 1379-இல் திரும்ப அழைத்தார்கள். அவரை எதிர்த்து 20 ஆண்டுகளுக்கு மேல் போராடி, கணவரையும் இழந்த ஜோனும் அந்தப் பக்கமே நின்றாள். டச்சியே இல்லாமற் போனால் யாருடைய வாரிசுரிமைக்கும் பொருளில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஜான்களின் வரிசை எண் நூலுக்கு நூல் மாறுவது ஏன்?

1345-இல் இறந்த மோன்ஃபோர் ஜானை முழுமையான டியூக்காக எண்ணுவோர் அவரையே நான்காம் ஜான் என்கிறார்கள். அப்போது அவர் மகன் ஐந்தாம் ஜானாகவும் பேரன் ஆறாம் ஜானாகவும் ஆகிவிடுவார்கள். இப்பக்கத்தில் தந்தையைக் கணக்கில் சேர்க்காமல், மகனை நான்காமவராகவும் (1365–1399) பேரனை ஐந்தாமவராகவும் (1399–1442) கொண்டிருக்கிறோம்.

கெராந்து விதி பின்பற்றப்பட்டதா?

சில காலம் துல்லியமாகவே பின்பற்றப்பட்டது. முதலில் பெந்தியேவ்ர் குடும்பம் 1420-இல் ஐந்தாம் ஜானை வஞ்சகமாகக் கடத்திச் சென்று சிறைவைத்தது. திட்டம் தோற்று, அவர்கள் நிலங்கள் பறிமுதலாயின. தங்கள் துரோகத்தால் அவர்கள் கெராந்து உரிமையையும் இழந்துவிட்டார்கள் என்பது அதன் பின் மோன்ஃபோர் குடும்பத்தின் உறுதியான நிலைப்பாடு.

1450-இல் ஐந்தாம் ஜானின் மகன் முதலாம் பிரான்சிஸ் இறந்தபோது அவருக்கு மார்கரெட், மரீ என்ற இரு மகள்கள் இருந்தார்கள். பழைய வழக்கம் நிலைத்திருந்தால் மார்கரெட் டச்சஸ் ஆகியிருப்பாள். விதிப்படி பட்டம் சித்தப்பா இரண்டாம் பியருக்குப் போனது; அவர் பிள்ளையின்றி 1457-இல் இறக்க, ஐந்தாம் ஜானின் தம்பியான மூன்றாம் ஆர்தருக்குச் சென்றது. பிரெஞ்சுப் படைகளின் தலைமைத் தளபதியாகப் புகழ்பெற்ற அந்த முதியவர் ஓராண்டுக்குச் சற்று மேல் மட்டுமே ஆண்டார். 1458-இல் எஞ்சியிருந்த ஆண்வாரிசு, அவருடைய தம்பி மகன் இரண்டாம் பிரான்சிஸ். இவருக்கும் மார்கரெட்டுக்கும் 1455-லேயே மணம் நடந்திருந்தது, விலக்கப்பட்ட மகளின் வழியும் ஆண்வழியும் ஒன்றாகட்டும் என்பதற்காக. அவர்களுடைய ஒரே மகன் கைக்குழந்தையாகவே இறந்துவிட்டான்.

பெண் கூடாது என்றால் ஆன் எப்படி டச்சஸ் ஆனாள்?

இரண்டாம் பிரான்சிஸுக்கு மறுமணத்தில் ஆன் (1477), இசபோ என இரு மகள்கள் மட்டுமே. அவரோடு மோன்ஃபோர் ஆண்வழி முடிகிறது. உடன்படிக்கையின் எழுத்துப்படி அடுத்த உரிமை பெந்தியேவ்ர் குடும்பத்துக்கு. அந்த உரிமையைத்தான் பதினோராம் லூயி மன்னர் 1480-இல் அக்குடும்பத்தின் வாரிசான நிக்கோலிடமிருந்து 50,000 லிவ்ருக்கு (அக்காலப் பிரெஞ்சுப் பணம்) விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டார். முன்னால் ஒரு குடும்பத் தகராற்றைத் தீர்க்க எழுதிய ஒரு வரி, ஒரு நூற்றாண்டு கழித்து மன்னரின் கையில் பத்திரமாக மாறியது.

பிரான்சிஸ் 1486-இல் ரென் நகரில் பிரதிநிதிகள் அவையைக் கூட்டி, மகள்களையே வாரிசுகளாக ஏற்று உறுதிமொழி தரச்செய்தார். கெராந்து விதியால் பட்டம் பெற்ற குடும்பமே அவ்விதியைக் கைவிட்டு, பெந்தியேவ்ர் ஜோன் சொன்ன பழைய வழக்கத்துக்குத் திரும்பியது. இதற்கிடையில் ரோஹான் பிரபு, மரீயின் கணவர் என்ற முறையில், தன் மகன்களுக்கு இப்பெண்களைக் கேட்டார். பெந்தியேவ்ர் உறவுள்ள அல்பிரே பிரபு ஆனைத் தனக்கே கேட்டார்.

1488 ஜூலை 28 அன்று சேன் ஓபேன் து கோர்மியே போரில் பிரிட்டனிப் படை தோற்றது. ஆகஸ்டில் கையெழுத்தான உடன்படிக்கையில், மன்னரின் ஒப்புதலின்றி மகள்களை மணமுடிப்பதில்லை என்று பிரான்சிஸ் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. செப்டம்பர் 9 அன்று இறந்தார். 1489 பிப்ரவரியில் ஆனுக்கு ரென் நகரில் முடிசூட்டப்பட்டது. அப்போது அவளுக்கு வயது 12.

முடிசூட்டு விழா எப்படி நடந்தது?

புதிய டியூக், ரென் நகரின் மோர்தலேஸ் வாயிலில் நின்று, திருச்சபையின், பிரபுக்களின், மக்களின் உரிமைகளைக் காப்பதாக உறுதியளித்த பின்னரே நகருக்குள் நுழைய முடியும். அந்த வாயில் இன்றும் நிற்கிறது.

ஆன் இரண்டு பிரெஞ்சு மன்னர்களை மணந்தது ஏன்?

பிரான்சைத் தடுத்து நிறுத்தும் வலிமை கொண்ட ஒரு கணவரைத் தேடிய பிரிட்டனி அரசவை, 1490 டிசம்பரில் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் வம்சத்து மாக்சிமிலியனுக்குப் பதிலாள் வழியாக ஆனை மணமுடித்தது. அவர் படையோடு வரவில்லை. பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் ரென் நகரை முற்றுகையிட்டார். வேறு வழியின்றி ஆன் 1491 டிசம்பர் 6 அன்று லான்ழே கோட்டையில் அவரையே மணந்தாள். மகனின்றி மன்னர் இறந்தால் அடுத்த மன்னரை அவள் மணக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. அவர்களின் பிள்ளைகள் எவரும் பிழைக்கவில்லை. 1498 ஏப்ரலில் அம்புவாஸ் கோட்டையில் தாழ்ந்த நிலைப்படியில் தலை மோதிக்கொண்ட சார்லஸ் அன்றே இறந்தார்.

அடுத்த மன்னர் பன்னிரண்டாம் லூயி தன் முதல் மணத்தை ரத்துசெய்துகொண்டு 1499 ஜனவரியில் நான்த் நகரில் ஆனை மணந்தார். 14 வயதில் நிர்ப்பந்தத்தால் கையெழுத்திட்டவள், இம்முறை 21 வயதில் தன் நிபந்தனைகளோடு அமர்ந்தாள். மூத்த பிள்ளை பிரான்சுக்கு, இரண்டாவது பிள்ளை ஆணானாலும் பெண்ணானாலும் பிரிட்டனிக்கு. அப்போது டச்சி தனித்தே இருக்கும். இவ்வரலாற்றில் வாரிசு விதி ஒன்றை ஒரு பெண் தானே வகுத்த அரிய தருணம் இது.

பிறகு டச்சி எப்படி பிரான்சோடு இணைந்தது?

ஆனின் நிபந்தனை மதிக்கப்படவில்லை. பிழைத்த பிள்ளைகள் கிளோட், ரெனே என்ற இரு மகள்கள். மூத்தவள் கிளோடை ஹாப்ஸ்பர்க் சார்லஸுக்குக் கொடுக்க ஆன் முயன்றாள். 1506-இல் அந்த நிச்சயம் முறிக்கப்பட்டு, அரியணைக்கு அடுத்தவரான அங்குலேம் பிரான்சிஸுக்குக் கிளோட் நிச்சயிக்கப்பட்டாள். 1514 ஜனவரி 9 அன்று ஆன் இறந்தாள். மே மாதத்தில் அந்தத் திருமணம் நடந்தது. பிரிட்டனி, இரண்டாவது மகள் ரெனேவுக்கு அன்றி, கிளோடுக்கே போனது. மன்னரான பிரான்சிஸ் டச்சியின் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். கிளோட் 1524-இல் 24 வயதில் இறக்க, மூத்த மகன் மூன்றாம் பிரான்சிஸ் என்ற பெயரில் டியூக்கானான்.

1532 ஆகஸ்டில் வான் நகரில் கூடிய பிரதிநிதிகள் அவை, தன் பழைய உரிமைகள் காக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு இணைப்பைக் கோரியது. அரச ஆணை டச்சியைப் பிரெஞ்சு அரசோடு நிலையாக இணைத்தது. அதே மாதம் சிறுவனுக்கு ரென் நகரில் டியூக்காக முடிசூட்டினார்கள். அவன் 1536-இல் 18 வயதில் இறந்தான். தம்பி ஹென்றி 1547-இல் பிரான்சின் மன்னரான பின் தனி டியூக் எவரும் பிரிட்டனியை ஆளவில்லை. புதிய வரிக்குத் தன் ஒப்புதல் வேண்டும் என்ற பிரதிநிதிகள் அவையின் உரிமை மட்டும் 1789 வரை நீடித்தது.

ஆனின் உடல் எங்கே அடக்கம் செய்யப்பட்டது?

பிரெஞ்சு அரசிகளுக்குரிய முறைப்படி பாரிஸுக்கருகே உள்ள சேன் தெனி தேவாலயத்தில். இதயத்தை மட்டும், அவள் விருப்பப்படி, ஒரு பொற்பேழையில் வைத்து நான்த் நகருக்குக் கொண்டுவந்து, தந்தை இரண்டாம் பிரான்சிஸின் கல்லறையில் வைத்தார்கள்.